எந்தத் தட்டு மக்கும்?

"மக்கும்னு அச்சடிச்சு விக்கிறான். மக்கலையேம்மா. இனி எதைத்தான் நம்புறது?"

அறவாழி கையிலிருந்த சோளமாவுத் தட்டைச் செல்லக்கனியின் முன்னால் போட்டார்.

செல்லக்கனி நகராட்சி உரக்கூடத்தில் குப்பை பிரிப்பவள். அவர் மகளைவிடச் சின்னவள். ஆனால், குழிவேலைக்கு யார் புதிதாக வந்தாலும் அவளிடம்தான் பாடம்.

அறவாழி யாரிடமும் பாடம் கேட்டவரில்லை. துண்டறிக்கை படித்தே வளர்ந்தவர். துண்டறிக்கை எழுதியே நரைத்தவர். பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்து ஊரிலிருந்து பிளாஸ்டிக் தட்டை விரட்டினார். இந்த உரக்கூடமும் அப்போது வாங்கிக் கொடுத்ததுதான்.

"நாளைக்கு நகர்மன்றக் கூட்டம். மக்காத தட்டையெல்லாம் ஓட்டல்காரங்க மூட்டை கட்டி வெச்சிருக்காங்க. என் முன்னாலயே கொட்டப் போறாங்களாம். மக்குற தட்டு ஒண்ணை நான் காட்டலேன்னா, பழையபடி பிளாஸ்டிக்தான்."

"ஓகோ."

"நான் ஜெயிச்சது அது ஒண்ணுதாம்மா."

அவள் மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தட்டுக்குன்னே தனிக்குழி அது. தோண்டிப் பாருங்க."

தோண்டினார்.

முதலில் சோளமாவுத் தட்டு. பச்சை எழுத்துகூட மங்கவில்லை: மக்கும்.

"பாத்தியா, பச்சைப் பொய்!"

"பொய் இல்லையே. மக்கும்னுதானே போட்டிருக்கான். எப்பன்னா போட்டிருக்கான்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து கரும்புச் சக்கைக் கிண்ணம். முழுசாக இருந்தது. அதற்கும் கீழே பாக்குமட்டைத் தட்டு. சாம்பார்க் கறையோடு இருந்தது.

இடுப்பு விட்டுப்போனது. மண்வெட்டியை எறிந்துவிட்டு, மண்டியிட்டுக் கையாலேயே பறித்தார். ஒரு முழம். இன்னொரு முழம்.

வாழையிலை வந்தது.

சருகாகக் காய்ந்து, நரம்பு நரம்பாக, சாப்பிட்டவர் மடித்துவிட்டுப் போன மடிப்புக்கூடக் கலையாமல்.

"இலைகூடவா?" அவளிடம் தூக்கிக் காட்டினார். "இலைகூடவாம்மா மக்கல?"

செல்லக்கனி சுவரோரக் குழாயைக் காட்டினாள்.

எழுந்து போய்த் திறந்தார். குழாய் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான்.

"குழியைத் தினமும் நனைக்கணும், தலைவரே. நனைச்சா இலை ரெண்டு மூணு மாசத்துல மண்ணாயிடும். மட்டைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"சோளமாவு?"

"அது நனைச்சாலும் சந்தேகந்தான். அதுக்குப் பெரிய மிஷின் வேணுமாம். நமக்குக் குழாய்க்கே வழியில்ல."

"எப்ப நின்னுச்சு?"

"நீங்க மாலையும் கழுத்துமா வந்து ரிப்பன் வெட்டுனீங்களே. அதுக்கு அடுத்த வாரம்."

"நாலு வருஷமாவா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

"உங்க வீட்டுக்கே வந்தோம், நாங்க ஆறு பேர். தலைவர் வேற போராட்டத்துக்குப் போயிருக்கார்னாங்க. திரும்ப வந்தோம். அப்பவும் வேற போராட்டம்."

வாசலில் லாரி வந்து நின்றது. இன்னொரு லோடு தட்டு சரிந்து விழுந்தது. புழுதி எழும்பிக் கூரையைத் தொட்டது.

"நாளைக்கு நான் எதைக் காட்டுவேன்?" என்றார் அறவாழி.

அவர் எறிந்த மண்வெட்டியை அவள் எடுத்து ஓரமாகச் சாத்தினாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை ஊரார் எச்சிலின் தூசு. வேட்டியில் துடைத்தார். போகவில்லை.

"கை கழுவணும்மா."

"மறுபடியுமா, தலைவரே?"