கரடியின் களிம்புக் கம்பெனி

ஒரு காட்டில், எந்தக் காடென்று கேட்காதீர்கள், கரடி ஒன்று கம்பெனி நடத்தியது. வேலைக்கு மூன்று பேர்: கீரி, குரங்கு, முயல். தயாரிப்பு ஒன்றே ஒன்று: காளானைக் காய்ச்சிச் செய்யும் புண் களிம்பு.

கரடிக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு. வலது முன்னங்காலில் ஆறாத புண். மரம் ஏற முடியவில்லை. தேன் தின்று இரண்டு மாதம் ஆயிற்று.

களிம்பைச் சோதிப்பது கீரியின் பொறுப்பு. பாம்போடு மல்லுக்கட்டியதில் அதன் முதுகில் இரண்டு காயம். ஒன்றில் களிம்பைப் பூசியது. இன்னொன்றைச் சும்மா விட்டது. பத்தாம் நாள் கரடி முன் வந்து நின்றது.

"ஐயா, பூசாத காயம் ஆறிடுச்சு. பூசினது சீழ் வச்சிருக்கு."

கரடிக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதக் கனவாயிற்றே!

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? கம்பெனி மேல பற்று வேணும்!"

"பற்று இருக்குங்க. சீழும் இருக்கு."

அன்றே கீரி விறகு பொறுக்கப் போனது. 'விறகுப் பிரிவுத் தலைவர்' என்று பட்டம் கொடுத்துத்தான் அனுப்பியது கரடி. அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது.

குரங்கும் முயலும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. குழந்தைகளே, அவை ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

அடுத்த சோதனை குரங்கின் கைக்கு வந்தது. அது யாருக்கும் பூசவே இல்லை. பத்து நாள் கொய்யா தின்றுவிட்டு வந்தது.

"அபார வெற்றி, ஐயா!"

"எத்தனை பேருக்கு ஆறிச்சு?"

"பூசின அத்தனை பேருக்கும்!"

"அதுக்கு மேலேயே ஆறிச்சுங்க" என்றது முயல்.

கரடிக்கு நாக்கில் தேன் ஊறியது. இப்படியல்லவா வேலை பார்க்க வேண்டும்! களிம்பை அள்ளித் தன் காலில் அப்பிக்கொண்டது.

மூன்றே நாள். கால் பலாக்காய் போல வீங்கியது. கரடி படுத்துவிட்டது. முதன்முறையாக அதற்குப் பயம் வந்தது.

"டேய், மறைக்காம சொல்லுங்கடா. கால் எப்படி இருக்கு?"

குரங்கு முயலைப் பார்த்தது. முயல் காலை எட்டிப் பார்த்தது.

"முன்னைவிட நல்லா... பெரிசா இருக்குங்க, ஐயா."

"இன்னொரு பூச்சு போட்டா முழுசாச் சரியாயிடும்" என்றது குரங்கு.

அப்பாடா என்று கரடி காலை நீட்டியது.

நீதி: சோதனை தோற்றது என்று சொன்னவனை விரட்டும் முதலாளிக்கு எந்தச் சோதனையும் தோற்காது, கால்தான் போகும்.