முக்காணிக்கு ஒரு டிக்கெட்

சலேத்திடம் ஒரு பயணத்துக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம்.

தாமிரபரணி கடலில் சேரும் கழிமுகத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர்களுக்கு அவள்தான் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டவுனிலிருந்து கிளம்பி வந்துவிடுவார்கள். தொப்பி இருக்கும், கறுப்புக் கண்ணாடி இருக்கும், விலையுயர்ந்த தூண்டில் இருக்கும். மீன் மட்டும் இருக்காது. இவர்கள் கேட்கிற கேள்விச் சத்தத்தில்தான் மீன்கள் கடலுக்கு ஓடுகின்றன என்று கண்டபிறகு சலேத் அந்தச் சட்டத்தைப் போட்டாள். ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். பதில் வாயால்தான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஒருமுறை ஒருவர் தூண்டிலுக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று கேட்டார். தன்னுடைய தூண்டில்களில் இருந்த முடிச்சுகளை எல்லாம் அவரிடம் கொடுத்து அவிழ்க்கச் சொன்னாள். கடைசி முடிச்சை அவிழ்க்கும்போது அவருக்குப் போடத் தெரிந்திருந்தது. கோபமும் வந்திருந்தது, அது வேறு விஷயம்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் சுயம்புலிங்கம். வயதில் அவளைவிட நன்றாகவே பெரியவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சுயம்புலிங்கம் தூத்துக்குடி திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தடத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. பயணி படியில் கால் வைக்கும்போதே ஊரைச் சொல்லிவிடுவார். "ஆ" என்று வாயைத் திறந்தால், ஆத்தூரா ஆறுமுகநேரியா என்று முகத்தைப் பார்த்தே டிக்கெட் கிழிப்பார். டவுனைத் தாண்டி ஏறியவர் "மு" என்றால் யோசனையே வேண்டாம், முக்காணி. அவர் பஸ்ஸில் ஊர்ப் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் குறைவு. கண்டக்டர்னா இவர்தான்யா கண்டக்டர் என்று ஜனங்கள் மெச்சினார்கள். அவருக்கும் அதில் பெருமை உண்டு.

அவர் மனைவி சொர்ணத்துக்குப் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பத் தொடங்கியது. நர்ஸ் ஏதாவது கேட்டால் நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். பேசப் பேச வந்துவிடும் என்று டாக்டரும் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்தபின் என்ன ஆயிற்றோ, ஓர் எழுத்து சொல்வாள், அதோடு நின்றுவிடும். இப்போதெல்லாம் பெரும்பாலும் தலையை ஆட்டுவதோடு சரி.

இப்படியே ஊமையாகிவிடுவாளோ என்று சுயம்புலிங்கம் பயந்தார். அவளோடு பேசியும் ஏசியும் வாழ்ந்தவர் அவர். அந்த வீட்டில் அவருடைய குரல் மட்டும் கேட்பது அவருக்கே தாங்கவில்லை.

சொர்ணத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர். அவளுக்காகத்தான் ஒரு சின்ன ஃபைபர் படகும் அதற்கு ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரும் வாங்கினார். வாங்கிய மோட்டாரும் அவரைச் சும்மா விடவில்லை. கயிற்றை இழுத்ததும் கிளம்பும். நன்றாக ஓடும். கொஞ்ச தூரம் போனதும் இருமும், நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து பார்ப்பார். இருக்கும். இறுக்கிவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தால், ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் நிற்கும்.

அன்று காலை படகில் மூன்று பேர். சலேத் சொர்ணத்தின் கையைப் பிடித்து ஏற்றி, நடுப்பலகையில் டேங்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மிதவைச் சட்டையையும் மாட்டிவிட்டாள்.

ஏறியதும் சுயம்புலிங்கம் குனிந்து டேங்கின் வாயை இறுக்கினார். அதன் தலையில் இருந்த சின்னத் திருகையும் விரல் வலிக்க இறுக்கினார். பெட்ரோல் வாடை பட்டால் சொர்ணத்துக்குக் குமட்டும். நோய் வந்ததிலிருந்து அவளுக்காக அவர் மறக்காமல் செய்கிற காரியங்களில் அது ஒன்று.

"மூ..." என்றாள் சொர்ணம்.

"முக்காணியா? தங்கச்சி வீட்டுக்குத்தானே? சாயந்தரம் போவோம்" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "மூ..."

"மூச்சு வாங்குதா? சட்டை இறுக்குதோ?"

சொர்ணம் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"பாத்தியளா வாத்தியாரம்மா? அதுக்கு மேல வர மாட்டேங்கு" என்றார் சுயம்புலிங்கம்.

சலேத் அவருடைய கையைப் பார்த்தாள். சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் மனதில் கேள்விகள் இரண்டு இருந்தன. ஒன்று மோட்டாரைப் பற்றி, இன்னொன்று சொர்ணத்தைப் பற்றி. சொர்ணத்தைப் பற்றிக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. பதில் தாங்கமுடியாததாக இருந்தால் என்ன செய்வது?

"வாத்தியாரம்மா, நல்லா ஓடிக்கிட்டே இருக்கும்போது இது ஏன் நிக்கு?" என்று மோட்டாரைக் காட்டினார்.

"இதுதான் இன்னைக்குள்ள கேள்வியா?"

"ஆமா."

"ஓடவிடுங்க. நிக்கும்போது பாத்துக்கிடலாம்."

படகு கிளம்பியது. மோட்டார் சமர்த்தாக ஓடியது. உப்பளங்களைத் தாண்டி, அலையாத்திப் புதர்களைத் தாண்டி, கழிமுகம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒருமுறை இருமியது. அப்புறம் நின்றது.

நீர் வற்றுகிற நேரம். ஆறு படகை மெல்லக் கடல் பக்கம் இழுத்தது. அலை உடைகிற சத்தம் கேட்டது.

சுயம்புலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "பிளக்கை மாத்தியாச்சு. வடிகட்டியை மாத்தியாச்சு. கார்பரேட்டரைக் கழத்திச் சுத்தம் பண்ணி மாட்டியாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே டேங்கின் பக்கம் கையை நீட்டினார்.

"கையை எடுங்க அண்ணாச்சி."

"பெட்ரோல் இருக்கான்னு பாத்துட்டு..."

"இருக்கு. எடுங்க."

சலேத் நங்கூரத்தை இறக்கினாள். கயிறு விறைத்து, படகு நின்றது. பிறகு ஒரு கைத்தூண்டிலை எடுத்து இறாலைக் குத்தித் தண்ணீரில் விட்டாள். தூண்டில் கயிறான நைலான் நரம்பின் ஒரு முனையைப் பலகையில் கட்டிவிட்டு, நடுப்பகுதியைச் சுயம்புலிங்கத்தின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கடிச்சுக்கிடுங்க."

"நான் கேள்வி கேட்டேம்லா?"

"பதில்தான் தாரேன். பல்லால கடிங்க."

"கையில பிடிச்சா ஆகாதா?"

"டிக்கெட் கிழிச்சுக் காய்ச்சுப்போன கை. அதுக்கு ஒண்ணும் தெரியாது. மீனு லேசாத் தொட்டாலும் பல்லுக்குத் தெரியும். நான் சொல்லுத வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. திறந்தா மீனு போச்சு."

சுயம்புலிங்கம் கடித்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, மாட்டியது மீனா இவரா என்று சந்தேகம் வந்திருக்கும்.

சலேத் சொர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"மதினி, மோட்டார் ஏன் நிக்கு?"

கேட்டுவிட்டு அவளும் ஒரு தூண்டிலை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவசரமே இல்லாதவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது.

"மூ..." என்றாள் சொர்ணம்.

முக்காணி என்பது சுயம்புலிங்கத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லுக்கு நடுவில் நரம்பு. "ம்ம்... ம்ம்" என்றார். சலேத் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினாள். அடங்கிவிட்டார்.

ஒரு நீர்க்காகம் முங்கியது. எங்கோ தள்ளி எழுந்தது. மறுபடி முங்கியது.

"மூ..."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு சொல்லுக்காக அவள் பாடுபடுகிறபோது அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அதற்குள் அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருப்பார். இப்போது பார்த்தார். நெற்றி சுருங்கியது. கண் எங்கோ போய்த் துழாவியது. உதடு ஒன்றுக்குக் குவிந்து, அது இல்லை என்று விலகி, வேறொன்றுக்குக் குவிந்தது. அவள் நின்றுபோகவில்லை. தேடிக்கொண்டிருந்தாள்.

"மூடி" என்றாள் சொர்ணம்.

சுயம்புலிங்கம் நரம்பை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

"மூடி..." இடது கையால் டேங்கைத் தொட்டாள். "காத்து... போகாம..."

அந்த நேரம் பார்த்து நரம்பு ஒரு வெட்டு வெட்டியது. பல் கூசிப் போயிற்று. பெரிய மீன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அவர் காத்திருந்த இழுப்பு. கையால் பிடித்துச் சுண்டி இழுக்க வேண்டும், இந்த நொடியே இழுக்க வேண்டும். படகு ஆடும். சத்தம் வரும். அவள் சொல்லிக்கொண்டிருந்தது அறுந்துபோகும்.

அவர் அசையவில்லை.

"காத்து போகாம... நீங்கதான்... இறுக்குனிய" என்றாள் சொர்ணம். மூச்சு வாங்கினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. "எனக்கு வாடை... ஆகாதுன்னு."

நரம்பு தளர்ந்தது. மீன் போய்விட்டது.

சொர்ணம் இடது கை விரல்களால் அந்தச் சின்னத் திருகைப் பிடித்தாள். அவர் விரல் வலிக்க இறுக்கியிருந்த திருகு, சட்டென்று வரவில்லை. சுயம்புலிங்கத்தின் கை தானாக எழுந்தது. எழுந்த கையைத் தானே தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். திருகு மெல்ல நகர்ந்தது. உஸ்ஸ் என்று டேங்கு காற்றை இழுத்தது. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும்; அவர் டேங்கைத் திறந்து பார்த்தபோதெல்லாம் அப்படித்தான் மோட்டார் பிழைத்திருந்தது. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் பெட்ரோல் குழாயில் சப்பிப்போய்க் கிடந்த ரப்பர் பந்து, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி உப்பியது.

"இனி பேசலாம் அண்ணாச்சி" என்றாள் சலேத்.

அவர் நரம்பை எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு ஆகாதேன்னுதான் ஏட்டி..." என்றார் கடைசியில்.

"தெரியும்" என்றாள் சொர்ணம். சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு.

"மதினி முன்பலகையில இருக்கட்டும். வாடை பின்னால போயிரும்" என்றாள் சலேத்.

அவளை முன்னால் உட்கார வைத்தார்கள். சுயம்புலிங்கம் கயிற்றை இழுத்தார். படகு கழிமுகம் வரை போயிற்று, திரும்பிற்று, உப்பளம் வரை வந்தது, மோட்டார் இருமவே இல்லை. வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அதையும் கேள்வியாகக் கேட்கவில்லை.

"போனது என்ன மீனோ."

"கொடுவா" என்றாள் சலேத். "நல்ல பெருசு."

அவருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் கரையேறினார்கள். சொர்ணம் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் போய் உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் சலேத்தின் அருகே வந்து தயங்கி நின்றார்.

"வாத்தியாரம்மா, இன்னைக்குள்ள கேள்வி முடிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும். ஆனா இன்னொண்ணு இருக்கு."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இது ஒண்ணு மட்டும். அவளுக்குப் பேச்சு முழுசா எப்ப வரும்?"

சலேத் தூண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கத்தியை எடுத்து ஒரு சாண் நரம்பை வெட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அதை எங்கிட்ட ஏன் கேக்கிய அண்ணாச்சி? மதினிகிட்ட கேளுங்க. கேட்டுட்டு, இதைக் கடிச்சுக்கிடுங்க."

சுயம்புலிங்கம் அந்தத் துண்டு நரம்பைப் பார்த்தார். போய்ச் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்ப வரும் என்று கேட்கத்தான் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது.

"இப்ப எங்க போகலாம் சொர்ணம்?"

கேட்டுவிட்டு நரம்பைக் கடித்துக்கொண்டார்.

சொர்ணம் ஆற்றைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மு..." என்றாள்.

பாலத்தின் மேல் திருச்செந்தூர் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நரம்பைக் கடித்தபடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.