மூன்று நாளுக்கான சுண்ணாம்பு

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெபக்கனி சொன்னாள். அவளுக்கு அவள் அத்தை சொன்னாராம். ஊரின் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. ஆகவே நானும் ஒரு பெயரை இட்டுக்கட்டவில்லை. கேட்டபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

வீடுகளைவிடப் பனைகள் அதிகமாய் நின்ற காலம் அது. தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் சுவிசேஷமுத்து என்று ஒரு பனையேறி இருந்தான். உழைப்பாளி. கோயிலுக்குத் தவறாதவன். ஆனால் வாயைத் திறந்தால் வசவு. ஆட்டைத் திட்டுவான், அடுப்பைத் திட்டுவான், கடைசியில் மனைவி ஞானப்பூவின் அப்பாவையும் இழுத்துத் திட்டுவான்.

ஒருநாள் ஞானப்பூ சொன்னாள்: "செத்துப்போன எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சாரு? எண்ணிக்கிட்டே வருவேன். மூணாந் தடவை, பிள்ளையத் தூக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். சுவிசேஷமுத்து நடுங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் முழங்காலிட்டு, இனித் திட்டுவதில்லை என்று சபதம் செய்தான். திங்கட்கிழமை ஆடு அவன் கயிற்றைத் தின்றது. வசவு ஆட்டில் தொடங்கி மாமனாரில் முடிந்தது.

"ஒண்ணு" என்றாள் ஞானப்பூ.

அடுத்து, ஞாபகத்துக்காக இடுப்பில் ஓர் ஓலை முடிச்சைச் செருகிக்கொண்டான். வியாழக்கிழமை முடிச்சைக் காணவில்லை. "எங்கட்டி வச்ச? உங்கப்பன் புத்திதானே உனக்கும்!"

"ரெண்டு."

மூன்றாவதாக, மூன்று நாள் உபவாசம் இருந்து கோபத்தை வேரோடு பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பனஞ்சாறு சொட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் அது இனிக்கும் பதநீராக இருக்கும். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். ஒவ்வொரு முறையும் கழுவி, தடவி, பிறகு மரத்தில் கட்ட வேண்டும். ஜெபத்துக்கு நேரம் வேண்டுமே என்று சுவிசேஷமுத்து மூன்று நாளுக்கான சுண்ணாம்பையும் ஒரேயடியாக அப்பிவிட்டான். காலையில் ஏறிப் பதநீரை இறக்குவான், அதே கலயத்தைக் கட்டுவான், கோயிலுக்கு ஓடுவான்.

நாலாம் நாள் காலை மனம் லேசாக இருந்தது. ஞானப்பூ கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தான்.

"உங்கப்பன் வீட்டுல உப்பையே கண்டதில்லையா?"

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது.

ஞானப்பூ "மூணு" என்று சொல்லவில்லை. ஒரு சேலையை விரித்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவன் பனைக்குப் போனான். கலயம் நுரைத்துப் பொங்கியிருந்தது. முழுக்கக் கள். இறங்கிவந்து, கீழே கொட்டி, கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தடவ உட்கார்ந்தான்.

ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் மூட்டையுமாக ஞானப்பூ வந்தாள். வாடை அவள் மூக்கில் ஏறியது.

"உபவாசக்காரர் மரத்துல கள்ளா? அந்தக் கலயத்த உடைச்சுப் போடுங்க. இல்லேன்னா மரத்தையே வெட்டிப் போடுங்க. எல்லாத்தையும் ஒரேயடியா முடிக்கிற ஆளாச்சே நீங்க!"

"கிறுக்காட்டி உனக்கு? மரத்துலயும் குத்தமில்ல, கலயத்துலயும் குத்தமில்ல. இன்னைக்குள்ள சுண்ணாம்ப இன்னைக்குத் தடவணும். நாந்தான்..."

அவன் கை கலயத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

கலயத்தைக் கீழே வைத்தான். பிறகு கண்ணை மூடி, "கர்த்தாவே, இன்றைக்கு என் வாயைக் காத்தருளும்" என்றான். அவளைப் பார்த்து, "உங்கப்பாவ இழுத்தது தப்பு, மன்னிச்சிரு. இனி எப்பவும் திட்ட மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. இன்னைக்குத் திட்ட மாட்டேன்" என்றான்.

அவன் கொடுத்த வாக்குகளிலேயே சின்னது அதுதான். அவளுக்கு நம்பத் தோன்றியதும் அதுதான்.

"சரி, இன்னைக்கு இருக்கேன்" என்று மூட்டையை அவிழ்க்காமல் கீழே வைத்தாள்.

மறுநாளும் அவன் அப்படியே ஜெபித்தான். மறுநாளும் அவள் இருந்தாள். சில நாள் வாய் தவறியது. அந்திக்குள் மன்னிப்புக் கேட்டான். மூட்டை எப்போது அவிழ்ந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையை உடுத்தி அவள் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றபோதுதான் கவனித்தான்.

பாவத்தை ஒரே நாளில் வென்று முடிக்க நினைத்துச் சோர்ந்துபோகாமல், அன்றன்றைக்கு வேண்டிய கிருபையை அன்றன்றே கேட்டு நடப்பவன், விழுந்தாலும் எழுந்திருப்பான்.

சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது; பிறகு ஒரு பனையேறியிடம் விசாரித்தேன். எத்தனை வருடம் ஏறியவரானாலும் கலயம் கட்டும்போதெல்லாம் புதிதாகத்தான் தடவுகிறார். அதற்கு அதிக நேரம் ஆவதில்லை.