ஆணி சொல்லும் நாள்

"ஆணி எத்தனை?"

"ஒன்று."

"நிஜமாகவே ஒன்றுதானா?"

"இரண்டு இருந்தால் நானே பெருமையாகச் சொல்லியிருப்பேனே, கோதையம்மா. ஒற்றை ஆணியை வைத்துக்கொண்டு ஊரில் என்ன பெயர் வாங்கிவிட முடியும்?"

"விளையாட்டையெல்லாம் அரண்மனையோடு வைத்துக்கொள்ளும். எதற்காக அடித்தார்கள்?"

"வேகத்துக்கு."

"ஓட்டியது யார்?"

கேள்வி முடிவதற்குள் பதிலை நீட்டிவிடுகிற மனிதர் என்று பெயர் வாங்கிய நன்னயர், முதல் முறையாகத் தன் மேல்துண்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நாட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கதை இத்தனை தூரம் நடந்து வந்ததில் அது எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது ஓர் அரசர், அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய நன்னயர், அப்புறம் ஓர் ஆணி.

அங்கே ராஜபாட்டையில் இரண்டு தோரண வளைவுகள் உண்டு. ஒரு தேர் முதல் வளைவுக்குள் நுழைந்ததும் முரசு ஒலிக்கும். அந்த ஒலி கேட்டதும் இரண்டாம் வளைவின் காவலன், அடியில் துளையிட்ட செம்பு வட்டில் ஒன்றைத் தொட்டி நீரில் மிதக்கவிடுவான். வட்டில் மூழ்கிய பிறகு தேர் வந்தால் கும்பிட்டு வழிவிடுவான். மூழ்குவதற்கு முன்பே வந்துவிட்டால் சுத்தியலை எடுத்து நுகத்தடியில் ஓர் ஆணியை இறக்குவான். நான்கு ஆண்டுகளுக்கு அதை யாரும் பிடுங்கக் கூடாது.

தேர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காப்புச் சங்கம் நடத்தினார்கள். ஆண்டுதோறும் ஆளுக்கு ஒரு பங்கு நெல்லைச் சங்கத்துக் குதிரில் கொட்டுவார்கள். யாருடைய அச்சாவது முறிந்தால், குதிரை விழுந்தால், சக்கரத்தில் யாராவது அடிபட்டால், சங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்காகச் சங்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பங்குனி முழுநிலவு நாளில் வந்து உன் நுகத்தில் இருக்கும் ஆணியைச் சொல்லிவிடு. அதையும் வாயால் சொன்னால் போதாது. தேரை ஓட்டிய கையைச் செம்மண் குழம்பில் தோய்த்துச் சங்கத்துத் துணியில் பதிக்க வேண்டும். வாய் சொன்னதை மறுநாள் மாற்றிவிடலாம், ரேகையை மாற்ற முடியாது என்பது அவர்கள் எண்ணம்.

"சொல்லாமலே விட்டுவிட்டால்?" என்று கேட்டார் நன்னயர்.

சங்கத்தின் தலைவி பெருங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீரா? இன்றைக்குத் தெரியாது. அச்சு முறிந்து நீர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்கும் நாளில்தான் நான் உம்முடைய நுகத்தைத் தடவிப் பார்ப்பேன். எத்தனையோ பேரை அப்படி வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் உம் விஷயம் அவ்வளவு தூரம் காத்திருக்காது. முறம் பின்னுகிற அழகாயி அடிபட்டுக் கிடக்கிறாளே. ஓட்டிய கை துணியில் பதிந்தால், அவள் கால் தேறும் வரை அவள் வீட்டு உலை எங்கள் பொறுப்பு, எலும்பு வைத்தியரும் எங்கள் பொறுப்பு. வேறு கை பதிந்தது என்று தெரியவந்தால் எல்லாம் செல்லாமல் போகும். நாளைக்குத்தான் முழுநிலவு. ஓட்டியது நீர்தானே?"

"நாளைக்கு வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நன்னயர் வெளியே வந்தார்.

கால்கள் அவரைக் கேட்காமலே மூங்கில்காரத் தெருவுக்குப் போயின.

அழகாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பிளந்த மூங்கிலையே பத்தையாக வைத்து அவள் வலது காலைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பாதி பின்னிய முறம் ஒன்று கிடந்தது.

"கை நல்லாத்தான் இருக்கு சாமி" என்றாள். "ஆனா பின்னும்போது மூங்கில் தப்பையை மிதிச்சுப் பிடிக்க ஒரு கால் வேணுமே. கல்லை வெச்சுப் பாத்தேன். எப்ப அழுத்தணும், எப்ப விடணும்னு கல்லுக்குத் தெரியல."

"கல்லுக்கு உத்தியோகம் கொடுத்தால் அப்படித்தான். எங்கள் சபையில் நாலைந்து இருக்கின்றன" என்றார் நன்னயர்.

அவள் சிரித்தாள். வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று சிரிக்கும் சிரிப்பு அது. முப்பது வருஷமாகச் சிரிப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

"தேர் வர்றதே எனக்குத் தெரியல சாமி. சிரிப்புச் சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு. ஏதோ கல்யாண வண்டி போலன்னு நெனச்சேன்."

நன்னயரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன்னால் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. "நன்னயா, பிறந்ததிலிருந்து சாரதியின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுகிறேன். ஒரு நாளாவது லகான் என் கையில் இருக்க வேண்டும்" என்றார். தங்கத் தேரை எடுத்தால் ஊரே கூடிவிடும். அதனால் நன்னயரின் இரட்டைக் குதிரைத் தேரை எடுத்தார்கள். அரசர் முகத்தை மறைத்து முண்டாசு கட்டிக்கொண்டார். பாதுகாப்புக்காகப் படைத்தலைவர் மழவராயர் மட்டும் குதிரையில் சற்றுப் பின்னால் வந்தார்.

அரசர் பயந்து பயந்துதான் ஓட்டினார். முட்டையைக் கையில் ஏந்தியவர் போல லகானைப் பிடித்திருந்தார். அப்படியே போயிருந்தால் வட்டில் இரண்டு தடவை மூழ்கியிருக்கும். அப்போதுதான் நன்னயர் வாயைத் திறந்தார்.

"அரசே, இப்போது நம்மைத் தாண்டிப் போன எருமை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுப் போகிறது."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாட்டையை வீசினார். நன்னயரும் சிரித்தார். காற்று முகத்தில் அறைந்தது, மரங்கள் பின்னால் ஓடின. பிறகு திடீரென்று வானம் முழுக்க முறங்கள் பறந்தன. பெரிய பெரிய மஞ்சள் பறவைகள் போல. ஒரு கணம் அது அழகாகக்கூட இருந்தது. சக்கரம் ஏதோ ஒன்றின் மேல் சற்றே ஏறி இறங்கியது.

அரசர் இழுத்த இழுப்புக்குக் குதிரைகள் நிற்கவில்லை. இரண்டாம் வளைவில்தான் நின்றன. தொட்டியில் வட்டில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. காவலன் சுத்தியலோடு வருவதற்குள் நன்னயர் அரசரின் விரல்களிலிருந்து லகானைப் பிரித்து வாங்கிக்கொண்டு, "ஓட்டியது நான்தான்" என்று சொல்லிவிட்டார். அரசர் முண்டாசைக் கண் வரை இறக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நன்னயர் தன் ஆயுளில் ஆயிரம் வேடிக்கைகள் சொல்லியிருப்பார். அவற்றில் ஒன்றே ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால் எதைக் கேட்பது என்று அவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

அன்று மாலை நந்தவன மண்டபத்துக்கு அழைப்பு வந்தது. அரசர் ஊஞ்சலில் இருந்தார். பக்கத்தில் மழவராயர் நின்றார். ஒரு காலத்தில் அரசருக்கு வலப்புறம் அமர்ந்து உண்டவர் மழவராயர். நன்னயர் வந்த பிறகு அந்த இலை நான்கு இலை தள்ளிப் போய்விட்டது. அந்த நான்கு இலைத் தூரத்தை அவர் மறக்கவே இல்லை.

"அரசே, நாளை விகடர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்" என்றார் மழவராயர். "அவர் தம் கையைப் பதித்தால், அது பொய்க்கை என்று நான் எழுந்து சொல்வேன். கண்ணால் கண்டவன் நான். பொய்க்கைக்குத் தண்டனை உமக்குத் தெரியுமே, நன்னயரே? தேரை உடைத்துக் கொளுத்துவார்கள். அந்த முறக்காரிக்கும் ஒரு மணி நெல் கிடைக்காது."

"படைத்தலைவருக்கு உண்மையின் மேல் இத்தனை பிரியம் வந்தது எப்போது? வளைவில் காவலன் கேட்டபோது தாங்கள் குதிரையின் பிடரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தீர்களே?"

மழவராயரின் மீசை துடித்தது. அரசர் நெளிந்தார். "ஆனால் நன்னயா, என் பெயரும் அங்கே வரக் கூடாது. அரசன் தன் குடிகளின் மேல் தேர் ஏற்றினான் என்றால் ஊர் என்ன பேசும்?"

"அதற்குத்தான் தாங்கள் ஆணையிட வேண்டும், அரசே" என்றார் மழவராயர் குழைவாக. "நாளை விகடர் பொய் சொல்லக் கூடாது. ஓட்டியவர் இன்னார் என்றும் சொல்லக் கூடாது. வாய்மூடி நிற்கவும் கூடாது. உலகமே மெச்சும் அறிவாளிக்கு இது முடியாதா என்ன?"

அரசரின் கண்களில் ஒளி வந்துவிட்டது. புதிர் என்றால் அவருக்கு உயிர். பத்து நாளாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால், ஒரு நொடியில் புதிராக மாறிவிட்டது. "முடியுமா நன்னயா? முடிந்தால் கேட்டதைத் தருகிறேன்!" என்றார் ஆவலாக.

நன்னயருக்கு நெஞ்சு கசந்தது. அவரை இப்படிப் பழக்கியதும் தான்தானே என்று நினைத்துக்கொண்டார். எது நடந்தாலும் அதைச் சிரித்துக் கடந்துவிடலாம் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது வேறு யார்?

"முயன்று பார்க்கிறேன், அரசே. ஆனால் ஆணையை எழுத்தில் தாருங்கள். நிபந்தனை மூன்று. என் மண்டையில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது."

அரசர் சிரித்துக்கொண்டே வெண்பட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஆணை எழுதப்பட்டது. அந்த நாட்டு வழக்கப்படி அரசர் தம் வலது கையைச் செஞ்சாந்தில் தோய்த்து, எழுத்துக்குக் கீழே அழுத்திப் பதித்தார். சிறு வயதில் வாளோடு விளையாடியதில் அவருடைய சுண்டுவிரலின் நுனி போயிருந்தது. நாலரை விரல் பதிந்த அந்தச் சிவப்புக் கையைச் சந்தையிலும் சத்திரத்திலும் பார்க்காத குடிமகனே அந்த நாட்டில் கிடையாது.

மறுநாள் சங்க மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. வழக்கப்படி அரசரும் வந்து மேடையில் அமர்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து கை பதித்தார்கள். எண்ணெய்ச் செட்டி ஓர் ஆணியைச் சொல்லிவிட்டு இரண்டு பெருமூச்சு விட்டார். நன்னயரின் முறை வந்ததும் மழவராயர் வாளுறையைத் தட்டிக்கொண்டு முன்வரிசைக்கு நகர்ந்து வந்தார்.

பெருங்கோதை செம்மண் தட்டை நீட்டினாள். "நுகத்தில் ஓர் ஆணி. அன்று லகானைப் பிடித்திருந்த கையைத் துணியில் பதியும்."

"பதிக்கிறேன், அம்மா. ஆனால் செம்மண் வேண்டாம். அந்தக் கை நேற்றே நன்றாகப் பதிந்துவிட்டது" என்றார் நன்னயர். மடியிலிருந்து வெண்பட்டை எடுத்தார். எழுத்து உள்ளே போகும்படி மடித்து, கை மட்டும் தெரியும்படி அவள் முன்னால் விரித்துவைத்தார். "தாங்கள் கேட்ட கை இதோ."

பெருங்கோதை பார்த்தாள். விரல்களை எண்ணினாள். பிறகு மேடையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. "கை பதிந்தது. சங்கம் ஏற்கிறது" என்றாள் மெதுவாக.

அப்போது மழவராயர் துள்ளி எழுந்தார்.

"துரோகம்! இது அரசரின் கை! அன்று தேரை ஓட்டியது அரசர் என்று இவன் ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டான்! நானே பார்த்தேன், அரசர்தான் ஓட்டினார்!"

சொல்லி முடித்த பிறகுதான் தம் குரல் மண்டபத்தின் தூண்களில் பட்டுத் திரும்பி வருவதை அவர் கேட்டார்.

"கோதையம்மா" என்றார் நன்னயர். "நான் யார் பெயரையாவது சொன்னேனா?"

"இல்லை."

"பொய்?"

"இல்லை."

"வாய்மூடி நின்றேனா?"

"நீரா!" என்றாள் பெருங்கோதை.

அரசரின் முகம் முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. "மழவராயரே, இத்தனை பேரில் என் பெயரைச் சொன்னது நீர் ஒருவர்தான்!" என்று அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்தால் சிரிக்கலாம் என்பதால் மண்டபமும் சிரித்தது. மழவராயர் யாரையும் மிதிக்காமல் வெளியே போக வழி தேடினார்.

சங்கத்துக் கொல்லன் நன்னயரின் நுகத்திலிருந்த ஆணியைப் பிடுங்கி வந்து நின்றான். ஓட்டியவர் வேறொருவர் என்றால், விதிப்படி அது அவருடைய தேருக்கு மாற வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவன் விழித்தான். "தங்கத் தேரில் அடி. நான்கு வருஷம் நானும் வந்து ஆணி சொல்கிறேன்" என்றார் அரசர். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அரசர் இறங்கி வந்து தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். சிரித்ததில் வந்த நீர் கண்களில் இன்னும் இருந்தது. "வென்றுவிட்டாய், நன்னயா! கேள். முத்தா, ஊரா, எது வேண்டும்?"

நன்னயர் ஒருவர்தான் அந்த மண்டபத்தில் சிரிக்காமல் நின்றிருந்தார். நீட்டிய மாலையை அரசரின் கைக்குள்ளேயே மெல்ல மூடிவைத்தார்.

"முத்து வேண்டாம், அரசே. இன்று சங்கத்து நெல் அழகாயியின் வீட்டுக்குப் போய்விடும். வைத்தியரும் போய்விடுவார். ஆனால் நேற்று நான் அவள் வாசலில் நின்றபோது, ஓட்டியது யார் என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. வேடிக்கை பேசி வேகமாகப் போக வைத்தவன் நான். அதை நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் என்னுடையது அல்ல, அதை நான் சொல்ல முடியாது." அவர் குரல் தாழ்ந்தது. "மூங்கில்காரத் தெரு நடந்து போகும் தூரம்தான். என்னோடு வருவீர்களா, அரசே?"