இஞ்ஞாசியின் பாதம்

"நான் ஒருத்தன் மட்டும் என்ன சாமி பண்ண முடியும்?" என்று கேட்டான் பெலவேந்திரன்.

பங்குச் சாமியார் சூசைமாணிக்கம் பீடத்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவதே குறைவு. பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார் என்பதால் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

விஷயம் இதுதான்.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும், ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவியதுபோல. இந்த வருஷம் இளைஞர் குழுவிலிருந்தே எல்லாரையும் எடுத்தார். அதற்கு முந்தின குருத்து ஞாயிறன்று பெயர்களை வாசித்தார். அதில் கீழத்தெரு இஞ்ஞாசியின் பெயரும் இருந்தது. கோயில் கட்டிய நாளிலிருந்து அந்தத் தெருக்காரர் யாரும் அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை.

அவன் உட்கார்ந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்று குழுவில் பேச்சு எழுந்தது. அதைச் சாமியார் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வீரனுக்கும் வாய் வரவில்லை. குழுத் தலைவன் தனிஸ்லாஸ், பெலவேந்திரனைப் பிடித்தான். இஞ்ஞாசியும் இவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்; பாட்டுக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். நீ சொன்னால் கேட்பான், வராதே என்று போய்ச் சொல், முடியாது என்றால் நீயும் கீழத்தெருவிலேயே குடியேறிக்கொள் என்றான் தனிஸ்லாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். பெலவேந்திரனும் சிரித்தான். அதையெல்லாம் சாமியாரிடம் சொல்லத்தான் இப்போது வந்திருந்தான்.

"போய்ச் சொல்லிட்டியா?" என்றார் சாமியார்.

"சொல்லிட்டேன் சாமி. காலையிலயே."

"அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

பெலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செங்கல்ல வச்சு காலத் தேச்சுக்கிட்டிருந்தான்."

சாமியார் கழுவப்போகிற காலை முந்தின நாளே தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வருவது அந்த ஊர் வழக்கம். ஆண்டவர் கழுவிய கால்களில் புழுதி இருந்தது என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வருவதில்லை.

"யாரு வேண்டாம்னதாச் சொன்ன?"



"நீங்க சொன்னதா."

சாமியார் துணியை மடித்து வைத்தார். பெலவேந்திரன் முழந்தாளிட்டுப் பாவமன்னிப்புக் கேட்டான். கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலப் பூசையில் பீடத்துக்கு முன்னால் பதினொரு பேர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலி காலி.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாம்பாளமும் தண்ணீர்ச் செம்புமாக வந்தார். முதலில் இருந்த தனிஸ்லாஸ் காலை நீட்டினான். அவர் அவனைத் தாண்டி நடந்தார். வரிசை முழுக்கத் தாண்டி, பதினோராவதாக உட்கார்ந்திருந்த பெலவேந்திரன் முன்னால் நின்றார். தாம்பாளத்தையும் செம்பையும் அவன் கையில் கொடுத்து, துண்டை அவிழ்த்து அவன் தோளில் போட்டார்.

"எங்க சாமி?"

"உனக்குத் தெரியும்."

கோயில் நிறைய ஜனம். அத்தனை கண்ணும் முதுகில் ஊர, அவன் நடுவழியே நடந்து வெளியே போனான்.

தெருவில் இறங்கியதும் மூச்சு வந்தது. கீழத்தெரு முனை வருவதற்குள் நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றுகூட நினைத்தான்.

இஞ்ஞாசி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுக் குழு பாடியது அங்கேயும் கேட்டது.

பெலவேந்திரன் மண்ணில் முழந்தாளிட்டுத் தாம்பாளத்தை வைத்தான்.

இஞ்ஞாசி காலை இழுத்துக்கொண்டான்.

"யாரு அனுப்புனது?"

"சாமிதான்டா."

இஞ்ஞாசி செம்பைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"நேத்து சாமி வரவேணாம்னாருன்னு வந்த. இன்னைக்கு சாமி கழுவச் சொன்னாருன்னு வந்திருக்க. நீ எப்படா வருவ?"