வெளியேறு என்றதா, வெளியேறவும் என்றதா?

ஆலங்காட்டூர் மருதப்பனுக்குச் சொந்த அச்சகம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடித்த மனுஷன், சொந்த மகள் பூங்கொடி கல்யாணத்துக்கு அடிக்க நடுங்கிப்போனார். காரணம் சம்பந்தி வேலாயுதம். நிச்சயதார்த்தத்தில் எவனோ “காபி எடுத்துக்கோ” என்றுவிட, கல்யாணமே வேண்டாமென்று எழுந்துவிட்டவர் அவர். திரும்ப உட்காரவைக்க எட்டுப் பேர் கெஞ்ச வேண்டியிருந்தது.

அச்சகத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் வேறு வேறு சிஸ்டம். பழசின் மெனுவில் ‘திற, மூடு, வெளியேறு’ என்றிருக்கும். புதுசில் ‘திறக்கவும், மூடவும், வெளியேறவும்’. இத்தனை நாள் யார் கவனித்தார்கள்? இப்போது மருதப்பன் இரண்டு மெனுவையும் மாறி மாறிப் படித்தார்.

“சிஸ்டம் மாறினா மெனுவும் மாறலாமாடா? ஒரே கடையில ஒண்ணு வா போங்குது, ஒண்ணு வாங்க போங்கங்குது.”

“மாறக் கூடாது முதலாளி,” என்றான் டைப் அடிக்கும் செங்கோடன். “ஒரு வீட்டுல ரெண்டு பேச்சு இருந்தா குடும்பம் உருப்படாது.”

“மாறித்தான் ஆகணும்,” என்றான் அவன் கூட்டாளி காத்தமுத்து. “பழசுக்குப் பன்னிரண்டு வயசு. கம்ப்யூட்டருக்கு அது கிழம். பெரியவங்க நம்மளை வா போன்னுதான் சொல்லுவாங்க. புதுசு சின்னப் பிள்ளை, பணிவாப் பேசுது. வளர்ப்பு அப்படி.”

சாப்பாடு ஆறும்வரை மூவரும் யோசித்து, பத்திரிகையைப் புதுசிலேயே அடித்தார்கள்.

சரிபார்க்க வேலாயுதம் வந்தார். திரையில் வரி வரியாகப் படித்தார். ஒரு குறையும் இல்லை. பூரித்துப்போன மருதப்பன், திரையில் இருந்த பத்திரிகையை மூட மெனுவைத் திறந்தார். வேலாயுதம் அதையும் படித்தார்.

“வெளியேறவும்னா?”

“மரியாதையா வெளியே போகச் சொல்லுது சம்பந்தி,” என்றார் மருதப்பன் பெருமையாக.

வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மகள் கல்யாணம் வாசற்படி இறங்கிப் போகிறதே என்று மருதப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. காத்தமுத்துதான் ஓடிப்போய் மறித்துக்கொண்டு பழசைக் காட்டினான்.

“அது சின்னப் பிள்ளை, தெரியாமச் சொல்லிடுச்சுங்க. இங்க பெரியவர் ஒருத்தர் இருக்காரு. இவர் உரிமையா ‘வெளியேறு’ன்னு சொல்லட்டும், அப்புறம் போங்க.”

வேலாயுதம் நின்றார். பழசை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்வளவு மூத்தவரை வச்சுக்கிட்டு, இவருக்கு இன்னும் பத்திரிகை வைக்கலியா நீங்க?”

அப்போதே அச்சடித்த முதல் பத்திரிகையை, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துப் பழசிடம் நீட்டி, மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். அப்புறம்தான் வேலாயுதம் உட்கார்ந்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டியதும் முதல் பந்தியில் பெரியவரை உட்காரவைத்துத் தலைவாழை இலை போட்டார்கள். அவர் கை வைக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது என்று வேலாயுதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்னூறு பேர் காத்திருந்தார்கள். சாம்பார் ஆறியது, ரசமும் ஆறியது.

“பெரியவருக்குக் கூச்ச சுபாவம்,” என்றான் செங்கோடன். “நாம எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்.”

திரும்பி உட்கார்ந்தவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.