நிற்காத வண்டி

முன்னொரு காலத்தில், வெந்நீர் காயும்வரைகூடப் பொறுக்காமல் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடும் அவசரக்கார ராஜா ஒருவர் இருந்தார். தலைநகரிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலை, வாகைச்சந்தை என்ற சிற்றூருக்குள் வளைந்து போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அமைச்சர் ஏகசித்தர் நாட்டு வரைபடத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், ஊர் ஓரமாய் ஒதுங்கிப்போனது.

சேதி கேட்டு, ஆப்பக்கடைப் பொன்னுருவி அரண்மனை விகடகவி சுக்கானிடம் ஓடிவந்தாள்.

"வண்டிக்காரங்க மாட்டுக்குத் தண்ணி காட்டி, அச்சுக்கு எண்ணெய் விட்டு, நாலு ஆப்பம் தின்னுட்டுப் போறதுலதான் எங்க ஊரே பொழைக்குது சாமி. பாதை தள்ளிப் போனா நாங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்!"

சுக்கானுக்கு மனசு கேட்கவில்லை. சபைக்குப் போய் முறையிட்டான். அவனைக் கண்டாலே ஆகாத ஏகசித்தர் குறுக்கிட்டார்.

"மன்னா! புதுப்பாதையின் வெள்ளோட்டத்துக்கு இவனே வண்டி ஓட்டட்டும். வழியில் வண்டி நின்றால் இவன் நாட்டைவிட்டே போகவேண்டும்."

"ஆகட்டும். யார் சொன்னாலும் வண்டி நிற்கக் கூடாது!"

"தாங்கள் சொன்னாலுமா, மன்னா?" என்று கேட்டான் சுக்கான்.

"நானே சொன்னாலும்!"

பாதை போட்டு முடிந்த மறுநாள் விடிந்ததும் ராஜா, அமைச்சர், சுக்கான் மூவரும் கிளம்பினார்கள். பாதை நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஆனால் மரமில்லை, கிணறில்லை, கடையில்லை. உச்சிவேளையில் அச்சு கிறீச்சிட, ராஜாவின் வயிறும் கூடவே கத்தியது.

"சுக்கா, பசி உயிர் போகிறது. நிறுத்து!"

"தாங்களே சொன்னாலும் கூடாதே, மன்னா!"

ஏகசித்தர் வேறு நெளிந்தார். "அடேய், எனக்கு அவசரம்!"

"அடக்கிக்கொள்ளுங்கள் அமைச்சரே, இன்னும் பாதி வழிதான்."

"சோறு எங்கேயடா கிடைக்கும்?" என்று ராஜா அலறினார்.

"படத்தில் விட்டுப்போன வாகைச்சந்தையில்தான்."

"திருப்பு வண்டியை!"

"திருப்பலாம், மன்னா. நிறுத்தத்தான் கூடாது."

ஊருக்குள் வந்த வண்டி பொன்னுருவி கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏகசித்தர் குதித்துப் புதர்ப் பக்கம் ஓடினார். பொன்னுருவி கூடவே ஓடி ஓடி ஆப்பத்தை நீட்ட, ராஜா எட்டி எட்டி வாங்கித் தின்றார். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஏழாம் சுற்றில் ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து புரையேறிவிட்டது.

"போதுமடா! ஆணையை விலக்கினேன், நிறுத்து!"

"அப்படியே பாதை, மன்னா...?"

"இந்த ஊர் வழியாகத்தான் போகும்! இன்னும் அகலமாகவே போகும்! நிறுத்தடா, பாவி!"

வண்டி நின்றது. மாடுகள் ஆசை தீரத் தண்ணீர் குடித்தன. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிச் சுக்கான் கழுத்தில் போட்டார். பொன்னுருவி அவன் கையில் சூடாக ஓர் ஆப்பத்தை வைத்தாள். புதர்ப் பக்கம் போன ஏகசித்தர் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை வெளியே வரவேயில்லை.